கொத்தாதே கோழிக்குஞ்சே!

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

காலை ஆறு பத்துக்கு செல்போன் அலறியது.

நெஸ்டோர் டகுமான் அப்போதே விழித்துத்தான் இருந்தான். இருந்தாலும் ஐந்து ரிங் போகட்டும் என்று காத்திருந்தான். தூங்குகிறவன் முதல் ரிங்கிலேயே எடுப்பானா என்ன?

ஆறாவது ரிங்கில் எடுத்தான்.

"ஹலோ... யாரு...?" குரலில் தூக்கத்தைக் குழைத்தான்.

"நெஸ்டோர்! கோச் புட்ச் பேசறேன்! ஜெபோய்... நம்ம ஜெபோய்..."

"என்ன கோச்? இன்னிக்கும் பிராக்டீஸுக்கு வர மாட்டேங்கறானா?"

"இனிமே வரவே மாட்டான்டா! செத்துட்டான்!"

"என்ன கோச் சொல்றீங்க?"

"பாத்ரூம்ல பல்லு விளக்கிட்டு இருந்தவன் அப்படியே சாஞ்சுட்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஹார்ட் அட்டாக்!"

"ஐயோ... கோச்ச்ச்!"

நெஸ்டோர் கதறினான். பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைக்கும் அளவுக்குக் கதறினான்.

"அழாதடா... நீ அழுதா நானும் அழுதுருவேன்..." கோச் மூக்கை உறிஞ்சினார். மூன்றே விநாடி. "அது இருக்கட்டும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு?"

"எதுக்கு கோச்?"

"ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச் பாக்கி இருக்கேடா! எப்படியும் ரெண்டு நாள் தள்ளி வெப்பானுங்க. துக்கம்னு சொல்லிப்பானுங்க, டிக்கெட்டும் நல்லா விக்கும். எனக்கு பாயின்ட் கார்டு வேணுமே? நீதான் ஸ்டார்ட்டிங்!"

"நானா கோச்? ஜெபோய் இடத்துல நானா? மனசு வரலியே..."

"வரவழைச்சுக்கடா!"

போனை வைத்தான் நெஸ்டோர். கண்ணைத் துடைக்கப் போனான். துடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அலமாரியிலிருந்து பதினேழாம் நம்பர் ஜெர்சியை எடுத்தான். கூடைப்பந்து ஜெர்சியை உலகத்தில் எவனும் இஸ்திரி போடுவதில்லை. அவன் போட்டான்.

ஆமாம்! ஜெபோயைக் கொன்றவன் இவன்தான்.

* * *

ஜெபோய் டிமலாந்தா யார் என்று மணிலாவில் கேட்டுப் பாருங்கள். ஜீப்னி டிரைவர் உங்களை நடுரோட்டில் இறக்கி விட்டுவிட்டுப் போவான்.

பாஸாய் சந்துகளில் ரப்பர் செருப்போடு பந்து தட்டிய பயல். பதினாறு வயதில் ஊர்த் திருவிழா மேட்சுகளில் ஒரு மூட்டை அரிசிக்கு ஆடினான். இருபத்திரண்டில் 'பெர்லாஸ் மத்தி' அணிக்கு வந்தான். மற்ற நாடுகளில் அணிக்கு சிங்கம், கழுகு என்று பெயர் வைப்பார்கள். இங்கே முதலாளி எந்தச் சரக்கை விற்கிறானோ அதுதான் பெயர்! டின் மத்தி, பால் பவுடர், பெயின்ட். வியாபாரம் மாறினால் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயரும் மாறும்.

ஜெபோய்க்கு பாயின்ட் கார்டு உத்தியோகம். பந்தைக் கொண்டு வர வேண்டும்... யார் எங்கே ஓட வேண்டும் என்று விரலைக் காட்டி உத்தரவு போட வேண்டும்... கூடை போடுகிறவன் கையில் பந்தைக் கொடுக்க வேண்டும். கொடுப்பதுதான் தொழில். அதற்கு 'அசிஸ்ட்' என்று பெயர்.

பத்திரிகைகள் ஜெபோயை 'அசிஸ்ட் ராஜா' என்று எழுதின. மேட்சில் அசிஸ்ட் கணக்கு எழுதுகிறவர் ஜெபோய் மகளுக்கு ஞானத்தகப்பன் என்பதை மட்டும் எழுதவில்லை. தொடக்க விழா ஊர்வலத்தில் அணிக்கு முன்னால் பட்டை கட்டிக்கொண்டு நடந்த அழகி ரோவேனாவைக் கல்யாணம் செய்துகொண்டான். நகர கவுன்சிலர் தேர்தலில் நின்றான், ஜெயித்தான். கூட்டத்துக்கு இரண்டு முறை போனான். ஒன்று பதவிப் பிரமாணம், இன்னொன்று போட்டோ.

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா?

ஆட்டத்தின் திட்டங்கள் ஒன்றுகூட ஜெபோயின் மண்டையில் தங்காது! பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நெஸ்டோர் துண்டுக்கு மறைவில் விரலைக் காட்டுவான். மூன்று... மடக்கிய கை... காது. ஜெபோய் அதையே அப்படியே திருப்பிக் காட்டுவான். இருபதாயிரம் பேர் கை தட்டுவார்கள்.

"என்னா மூளைடா ஜெபோய்க்கு!"

மூளை பெஞ்சில் உட்கார்ந்து வியர்வை துடைத்துக் கொண்டிருக்கும்.

பதினொரு வருஷம்! முப்பது பாயின்ட் வித்தியாசத்தில் தோற்கும்போது மட்டும் நெஸ்டோரை உள்ளே விடுவார்கள். அவனுக்கு ஒரே ஆசை. அரங்கத்து விளக்கெல்லாம் அணைய வேண்டும். மேளம் அதிர வேண்டும். முதல் ஐந்து பேரை ஸ்பீக்கரில் அறிவிக்கும்போது, 'பாயின்ட் கார்டு... சமார் மாகாணத்துச் சிங்கம்... நெஸ்டோர்ர்ர் டகுமான்!' என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். குளிக்கும்போது தானே அப்படிக் கத்திப் பார்த்துக்கொள்வான். வயசு முப்பத்து நாலு. அற்பத்தனத்துக்கு வயசு ஏது?

பத்து நாளைக்கு முன்பு செபுவில் மேட்ச். ஹோட்டலில் வழக்கம் போல இரண்டு பேருக்கும் ஒரே அறை.

"மச்சான், ஒரு விஷயம்," என்றான் ஜெபோய், கண்ணாடி முன் தலைக்கு ஜெல் தடவியபடி. "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஜெபோய்! இந்த சீசனோட நிறுத்தறேன்னியே! ஹார்ட் கோளாறு, ஆடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு..."

"மாத்திரைதான் போடறேனே? ஓடுது வண்டி!"

"மூணு வருஷமா இதையே சொல்றடா. அப்ப நான்?"

"நீயா?" ஜெபோய் சிரித்தான். "நீ பெஞ்சுலயே அழகாத்தான்டா இருக்க! உன் மூஞ்சிய மத்தி டின்னுல ஒட்டுனா மத்தியே வெளிய குதிச்சுரும்!"

நெஸ்டோரும் சிரித்தான். பதினொரு வருஷப் பழக்கம்.

ஜெபோய் குளிக்கப் போனான். அவன் பையில் 'முடி வளர்க்கும் வைட்டமின்' பாட்டில் இருந்தது. உள்ளே இருந்தது இதய மாத்திரை. லீக் டாக்டருக்குத் தெரிந்தால் ஆட விட மாட்டார், பெண்டாட்டிக்குத் தெரிந்தால் வீட்டை விட்டே அனுப்ப மாட்டாள். தெரிந்த ஒரே ஆள் அறைத் தோழன்.

நெஸ்டோரின் சட்டைப் பையில் பெப்பர்மின்ட் மிட்டாய் இருந்தது. அதே வெள்ளை... அதே சைஸ்...

குளியலறைக் கதவு திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது!

எடுத்த மாத்திரைகளை வீசி எறியத்தான் நினைத்தான். எந்தக் குப்பைத் தொட்டிப் பக்கம் போனாலும் ஒரு ரசிகன் வந்து நின்றான். "ஐடல்! ஜெபோய் எங்க இருக்கார் ஐடல்?"

கடைசியில் அவை அவனுடைய டீம் ஜாக்கெட் பையிலேயே தங்கிவிட்டன.

* * *

மறுநாள் பகல் இரண்டு மணி. கெஸோன் சிட்டி சவ அடக்க மண்டபம்.

வாசலில் மலர் வளையங்கள். உள்ளே காபி, பிஸ்கட், தட்டுத் தட்டாகத் தர்பூசணி விதை. மூலையில் சீட்டுக் கச்சேரி. துக்க வீட்டில் சீட்டாடினால் புண்ணியம் என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான்.

முதலாளி டான் இன்யாகி டிவி கேமரா முன்னால் நின்று கொண்டிருந்தார். ஸ்பெயின்காரத் தாத்தாவின் மூக்கு, பணக்காரர்கள் குடியிருக்கும் மகாத்தியின் மாளிகைத் தோல்.

"நான் என் பிள்ளையை இழந்துட்டேன்... பந்தை அவன் கொடுப்பான், நாங்க வாங்கிப்போம்... என்ன, ஃபோகஸ் சரியில்லையா? சரி, மறுபடியும் அழறேன்."

நெஸ்டோர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தான். கறுப்புக் கண்ணாடி, டீம் ஜாக்கெட், உள்ளே இஸ்திரி போட்ட ஜெர்சி.

"நெஸ்டோர் அண்ணே... நாளைக்கு நீங்கதானாமே ஸ்டார்ட்டிங்!" ஒருவன் காதைக் கடித்தான்.

"அதப் பத்தி இப்பப் பேசாத தம்பி. மனசு தாங்கல," என்றான் நெஸ்டோர். மனசு துள்ளியது.

சவப்பெட்டியை நெருங்கினான். கண்ணாடி மூடிக்குள் ஜெபோய். செத்த பிறகும் தலையில் ஜெல். மார்பில் நாலாம் நம்பர் ஜெர்சி...

டிக்!

நெஸ்டோர் நின்றான்.

டிக்... டிக்... டிக்...

கண்ணாடியின் மேல், ஜெபோயின் மூக்குக்கு நேராக... மஞ்சள் நிறத்தில்...

ஒரு கோழிக்குஞ்சு!

நெஸ்டோர் ஓரடி பின்வாங்கினான்.

சமாரில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். நோயில் செத்தவனுக்குக் குஞ்சு கிடையாது. விபத்தில் செத்தவனுக்கும் கிடையாது. கொலையுண்டவனின் பெட்டி மேல்தான் கோழிக்குஞ்சை விடுவார்கள். அது கண்ணாடியைக் கொத்தக் கொத்த, கொன்றவனின் மனசாட்சியைக் கொத்துமாம்! சேவல் சண்டைத் தகராறில் அவனுடைய மாமாவை வெட்டிச் சாய்த்த சமயத்தில் அவனே பார்த்திருக்கிறான். மூன்றாம் நாள், வெட்டியவனே ஓடி வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அப்படியானால்... தெரிந்துவிட்டதா? யாருக்கு?

பெட்டிக்குப் பக்கத்தில் ரோவேனா அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ரோவேனா... இ... இது என்ன?"

"எது?"

"இந்தக் குஞ்சு..."

அவள் தலையைக் குனிந்தாள். "டான் இன்யாகிதான் வெக்கச் சொன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் கூசுது நெஸ்டோர். ஆனா என் பேச்ச யாரு கேக்கறா?"

"எதுக்கு வெச்சாராம்?"

"தெரியும். ஆனா வாயத் திறக்கக் கூடாதுன்னுட்டாரு. நாலு மணிக்கு எல்லா டிவிக்காரங்களும் வருவாங்களாம். அப்ப அவரே சொல்றாராம்."

நாலு மணி!

டிக்... டிக்... டிக்...

நெஸ்டோர் கோச் புட்சைத் தேடிப் பிடித்தான். அவர் சீட்டு மேஜையில் தோற்றுக் கொண்டிருந்தார்.

"கோச்! நாலு மணிக்கு என்ன?"

கோச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உனக்கும் காத்து வாக்குல வந்திருச்சா? எனக்கு நேத்திக்கே தெரியும்டா."

"நே... நேத்திக்கேவா?"

"வெளிய விட்டா என் வேலை போயிரும். ஆனா ஒண்ணு சொல்றேன்." அவன் மார்பில் விரலால் தட்டினார். "இந்தப் பதினேழாம் நம்பர் சட்டைய நல்லாப் பாத்துக்க. நாலு மணிக்கு மேல இதப் போட முடியாது."

"கோச்...!"

"நான் என்னடா பண்ணட்டும்? மேலிடத்து முடிவு! மேட்ச் அன்னிக்கு நீ வேற சட்டைதான் மாட்டணும். என்ன கலர்னு கேக்காத, பாத்தா அழுதுருவ."

கைதிச் சட்டை! ஆரஞ்சு!

ஓடிவிடலாமா? வாசலைப் பார்த்தான்.

வாசலில் போலீஸ்!

கட்டை குட்டையான ஒரு பெண் அதிகாரி. கையில் தர்பூசணி விதைப் பொட்டலம். விதையைப் பல்லில் வைத்து 'டக்'கென்று உடைத்தபடி கூட்டத்தைப் பார்த்துக் கொண்டிருந்தாள். அவள் கண் நெஸ்டோர் மேல் வந்து நின்றது.

நேராக வந்தாள்.

"மிஸ்டர் டகுமான்தானே? நான் இன்ஸ்பெக்டர் மாரிவிக் டுமலாவ். உங்களத்தான் தேடிட்டு இருந்தேன்."

"எ... என்னையா மேடம்? எதுக்கு?"

"இங்க வேணாம். கொஞ்சம் இப்படி வாங்க." குரலைத் தணித்தாள். "எல்லார் முன்னாடியும் கேட்டா உங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்."

காபி மேஜைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். சவப்பெட்டி நாலடி தூரத்தில்.

டிக்... டிக்...

டக். இன்ஸ்பெக்டர் இன்னொரு விதையை உடைத்தாள். "பதினொரு வருஷம் அவரோட ஒரே ரூமாமே?"

"ஆ... ஆமா..."

"ரொம்ப நெருக்கம், இல்ல? அவர் கிட்ட என்ன இருக்கும், எது எங்க இருக்கும், எல்லாம் உங்களுக்கு அத்துப்படியா இருக்கும்."

"யா... யாரு சொன்னா?"

"ஊருக்கே தெரியுமே! அதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன். மத்தவங்க யாரும் இன்னும் வரல, நான்தான் ஃபர்ஸ்ட். நாலு மணிக்குக் கூட்டம் வந்துரும். அதுக்குள்ள நமக்குள்ள சத்தமில்லாம முடிச்சுக்கலாமா?"

நெஸ்டோர் திரும்பிப் பார்த்தான்.

கோழிக்குஞ்சு கொத்துவதை நிறுத்திவிட்டது. கழுத்தைச் சாய்த்து... அவனையே பார்த்தது!

கீச்!

"நிறுத்தச் சொல்லுங்க!" என்று வீறிட்டான் நெஸ்டோர். "அதக் கொத்த வேணாம்னு சொல்லுங்க! நான்தான்! நான்தான் மாத்தி வெச்சேன்! செபு ஹோட்டல்ல! அவன் ஹார்ட் மாத்திரைய எடுத்துட்டு பெப்பர்மின்ட்டப் போட்டேன்! பத்து நாளா மிட்டாயச் சப்பிட்டு செத்தான் அந்த நாய்! வெச்சுக்குங்க! இந்தாங்க!"

ஜாக்கெட் பைக்குள் கையை விட்டு, மாத்திரைகளை அள்ளி அவள் உள்ளங்கையில் கொட்டினான்.

சீட்டுக் கச்சேரி நின்றது. ரோவேனா எழுந்து நின்றாள். டான் இன்யாகி அழுவதை மறந்தார்.

இன்ஸ்பெக்டர் மாரிவிக்கின் வாய் திறந்தபடி இருந்தது. பல்லில் இருந்த விதை நழுவித் தரையில் விழுந்தது.

"என்ன... என்ன சொன்னீங்க?"

"அதான் உங்களுக்குத் தெரியுமே..."

"எனக்கு என்னய்யா தெரியும்?"

சொல்லிக்கொண்டே விலங்கை எடுத்துவிட்டாள். போலீஸ் மூளை கொஞ்சம் மெதுவாக விழித்தாலும் போலீஸ் கை உடனே விழிக்கும். க்ளிக்!

"அடப்பாவி..." ரோவேனா பாய்ந்து வந்து அவன் கன்னத்தில் அறைந்தாள். கறுப்புக் கண்ணாடி பறந்தது. "அவன் மாத்திரைய மறைச்ச முட்டாள்னா, நீ அதத் திருடுன பாவியாடா? என் பொண்ணுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

நெஸ்டோர் தலையைத் தூக்கவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் முறையாக மொத்தக் கூட்டமும் அவனை மட்டுமே பார்த்தது.

அப்போதுதான் ஹை ஹீல்ஸ் சத்தம் கேட்டது. கம்பெனியின் விளம்பரப் பிரிவுப் பெண் பியாங்கா. ஒரு கையில் சின்னக் கூண்டு, மறு கையில் பளீரென்ற மஞ்சள் ஜெர்சிகள்.

"எக்ஸ்க்யூஸ் மீ... குஞ்சை எடுத்துக்கலாமா? ஷூட்டிங்குக்கு முன்னாடி அதுக்குத் தீனி வெக்கணும்."

"என்ன ஷூட்டிங்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"நாலு மணிக்குப் புதுப் பேர் ரிலீஸ், மேடம்! ரகசியமா வெச்சிருந்தோம். ஃபைனல்ஸ்லேருந்தே நாங்க மத்தி இல்ல..." ஒரு ஜெர்சியை விரித்துக் காட்டினாள். மார்பில் கொழுத்த கோழிக்குஞ்சு ஒன்று சிரித்தது. "பெர்லாஸ் பொரிச்ச கோழி! ஜெபோய் சார் பெட்டி மேல குஞ்சு நடக்கற மாதிரி ஒரு க்ளோசப். டான் இன்யாகி சார் ஐடியா. அழகா இருக்குல்ல?"

அத்தனை பேரும் பெட்டி மேலிருந்த குஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த மஞ்சள் சட்டையத்தாண்டா சொன்னேன்..." என்று முனகினார் கோச்.

இன்ஸ்பெக்டர், பியாங்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்மா, பெட்டி மேல குஞ்சு விட்டா என்ன அர்த்தம்னு உங்க வீட்ல யாரும் சொல்லலியா? நீ எந்த ஊரு?"

"மகாத்தி, மேடம். எங்கம்மாவும் மகாத்தி."

"கோழிய எங்கதான்மா பாத்திருக்க?"

"பொரிச்சு, பக்கெட்ல!"

டான் இன்யாகி தொண்டையைக் கனைத்தார். "அது... அப்படி ஒரு வழக்கம் இருக்கா என்ன? பரவாயில்ல. இத வெச்சே ஒரு விளம்பரம்... 'கொலைகாரனைப் பிடித்த கோழி'... எழுதிக்க பியாங்கா!"

எழுதிக்கொண்டாள்.

நெஸ்டோர் தரையில் உட்கார்ந்தான். "அப்ப... யாருக்குமே தெரியாதா?"

"ஒருத்தருக்கும் தெரியாது," என்றாள் இன்ஸ்பெக்டர். "ஆஸ்பத்திரிலயே ஹார்ட் அட்டாக்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நாளைக்குக் காலைல புதைச்சிருந்தா கதை முடிஞ்சிருக்கும்."

"அப்ப நீங்க எதுக்கு என்னத் தேடுனீங்க மேடம்?"

இன்ஸ்பெக்டர் மாரிவிக்குக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"ஃபைனல்ஸ்க்கு ரெண்டு டிக்கெட் கேக்கத்தான். எங்க பாத்தாலும் வித்துப் போச்சுன்னாங்க. ஜெபோய் பேருல எடுத்து வெச்ச டிக்கெட் உங்ககிட்டதான் இருக்கும்னாங்க. யூனிஃபார்ம்ல வந்து ஓசி டிக்கெட் கேட்டா அசிங்கம் பாருங்க... பெஞ்சுல இருக்கறவர்தானே, வேற எவன் இவர்கிட்ட கேட்டிருக்கப் போறான்னு நினைச்சேன்."

அது நெஸ்டோருக்கு விலங்கைவிட அதிகமாக வலித்தது.

"எந்திரிங்க, போலாம்."

எழுந்தான். கோழிக்குஞ்சு கூண்டுக்குள் போய்விட்டது, அவனும் போக வேண்டியதுதான். வாசல் வரை வந்தவன் நின்றான்.

"மேடம்... நாளைக்கு ஸ்பீக்கர்ல... முதல் அஞ்சு பேருல... என் பேரச் சொல்லியிருப்பாங்க மேடம். ஒரே ஒரு தடவ..."

இன்ஸ்பெக்டர் மாரிவிக் அவன் தோளில் தட்டினாள்.

"கவலைய விடுங்க ஐடல்! எங்க ஜெயில் டீம்ல பாயின்ட் கார்டே இல்ல, நாளைலேருந்து நீங்கதான் ஸ்டார்ட்டிங். ஸ்பீக்கர்ல தினம் ரெண்டு வேளை பேர் சொல்லிக் கூப்பிடுவோம்... முப்பது வருஷத்துக்கு உங்களப் பெஞ்சுல உக்கார வெக்கவே மாட்டோம்!"